கால் இல்லாத காரணம்

குடியாத்தம்,
13 ஜனவரி 1903

ஏனோக் அவர்களுக்கு,

நான் குணசுந்தரி. போன சனிக்கிழமை உங்கள் சித்தப்பா ஏசுபாதத்தோடும் உபதேசியார் டேவிட்டோடும் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தீர்களே, அந்தப் பெண். ஒரு பெண் இப்படித் தானாக எழுதுவது வழக்கமில்லை என்று எனக்கும் தெரியும். என்னை வளர்த்த ரத்தினம்மா அத்தைக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அத்தை உபதேசியாரிடம் சரியென்றோ வேண்டாமென்றோ சொல்லியாக வேண்டும். அதற்குள் எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

கடைசியில் உபதேசியார் ஜெபம் பண்ண எழுந்தார். உங்கள் சித்தப்பா எழுந்தார். அத்தை எழுந்தாள். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த எதிர்வீட்டு நாயுடுகூட, எதற்கென்று தெரியாமலே, தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டார். நீங்கள் மட்டும் மேஜைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அது நம் இருவருக்காகச் செய்த ஜெபம். "தங்கவயல் சம்பளம் வாங்கறவருக்கு சாமிகூட கீழதான் போலகீது" என்று அத்தை அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் எல்லாரும் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்லேட்டை உடைத்த பிள்ளையைக்கூட ஏன் உடைத்தாய் என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பேன். ஆகவே கேட்கிறேன். ஏன் எழுந்திருக்கவில்லை?

இன்னொன்று. உங்கள் நாற்காலியின் கீழ், பித்தளைக் கொக்கி வைத்த தோல்பட்டை ஒன்று அறுந்து கிடந்தது. நாய்க்கழுத்துப் பட்டை என்கிறாள் அத்தை. பெண் பார்க்க வருகிறவர் நாய்ப்பட்டை எதற்குக் கொண்டுவந்தார் என்பதையும் எழுதினால் நல்லது. பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுதுங்கள்.

குணசுந்தரி

*

நந்திதுர்க் லைன், தங்கவயல்,
17 ஜனவரி 1903

டீச்சரம்மா அவர்களுக்கு ஏனோக் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் காலை ஷிப்ட் இறங்குகிற நேரத்தில் வந்தது. தங்கச் சுரங்கத்து ஷாஃப்டுக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை கொடுத்து, ஏறி வரும்போது திரும்ப வாங்குவது என் வேலை. அறுபது பேர் வரிசையில் நிற்க, நான் கடிதத்தைப் படித்தேன். பின்னாலிருந்து என்னைத் திட்டியவர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை.

முதலில் என் பக்கத்துக் கேள்வி. நீங்களும்தான் எழுந்திருக்கவில்லை. என்னைச் சொல்கிறீர்களே! "ஜெபத்துக்கே எழுந்துக்கலயே இந்தப் பொண்ணு, நாளைக்கு நான் போனா ஒரு சொம்பு தண்ணி எழுந்து குடுப்பாளா?" என்று சித்தப்பா ரயில் முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாள், குடுக்க மாட்டாள் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

சரி, இனி மழுப்பிப் பயனில்லை. அது நாய்ப்பட்டை இல்லை. என் காலின் பட்டை. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எனக்கு ஒன்றும் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன், நாலு அடி நடை மிச்சமாகுமே என்று கல் ஏற்றிய டிராலிக்குக் குறுக்கே தாண்டினேன். என் அவசரம், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. சுரங்கத்து மரவேலை மேஸ்திரி தேக்கில் ஒரு கால் செய்துகொடுத்தார். பேன்ட்டும் பூட்ஸும் போட்டால் தெரியாது. ஆனால் நடந்தால் கிறீச்சிடும். உங்கள் வீட்டு வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் நான் அடி வைக்கும்போதெல்லாம் சித்தப்பா இருமிக்கொண்டே வந்தாரே, கவனித்தீர்களா? உங்கள் அத்தை இரக்கப்பட்டு அவருக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். அவருக்கு இருமலே கிடையாது.

உட்காரும்போது பட்டை அறுந்துவிட்டது. பூட்ஸ் அப்படியே திரும்பிக்கொண்டது. நான் எழுந்திருந்தால் ஒரு பாதம் உபதேசியாரையும் இன்னொரு பாதம் சுவரையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். ஜெபம் முடிந்து எல்லாரும் வாசல் பக்கம் திரும்பியபோது, மேஜைக்குக் கீழே கைக்குட்டையால் கட்டிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

இங்கே என் பெயர் ஏனோக் என்பது சம்பளப் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் நான் "கட்டைக்கால்". பெருமாள் என்று டிரில் அடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். வேலைக்கு இறங்கும்போது நொண்டி எதிரே வந்தால் ஆகாது என்று, தினமும் என்னைப் பார்த்ததும் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டு வருவார். வந்தால் மறுபடியும் நான்தான் நிற்பேன். தினமும் அவருக்கு லேட் போடுகிறேன்.

மறைத்தது தப்பு. உங்கள் அத்தையை வேண்டாம் என்றே சொல்லச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதை மட்டும் எழுதிவிடுங்கள்.

ஏனோக்

*

குடியாத்தம்,
22 ஜனவரி 1903

ஏனோக் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தது என் தப்பு. கஷாயம் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அத்தை பிடுங்கிக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் என்னையே படிக்கச் சொன்னாள். நான் ஒரு வரி விடாமல் படித்தேன்.

அதற்கு முன் உங்கள் கேள்விக்குப் பதில். ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு என் வலது கால் வளரவில்லை. இருபது வருஷமாக வலது கக்கத்தில் கோல் ஊன்றித்தான் நடக்கிறேன். நீங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அத்தை என்னை நாற்காலியில் உட்காரவைத்து, புடவையைப் பாதம் மூட இழுத்துவிட்டு, கோலைக் கொண்டுபோய் விறகுக்கட்டுக்குள் செருகிவிட்டாள். ஜெபத்துக்கு எழுந்திருக்க எனக்கும் ஆசைதான். எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது?

இப்போது அத்தையின் கோபத்தைக் கேளுங்கள்.

"மோசம் பண்ணிட்டானுங்களே! நொண்டியைக் கொண்டாந்து உக்கார வெச்சி, நல்லவன் மாதிரி காட்டிட்டுப் போய்ட்டானுங்களே!"

"அத்தை, நாமளும் அதைத்தானே பண்ணோம்?"

"நாம பொண்ணு வூடு. நாம மறைப்போம். அவங்க எப்படி மறைக்கலாம்?"

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள், அங்கிருந்து இன்னொன்று வந்தது. "ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஓடியாடணும்டி. வூடு பத்திக்கினா யார் யாரைத் தூக்கறது?" இந்த வீட்டில் இதுவரைக்கும் தீ பிடித்ததே இல்லை. இனிமேல் கல்யாணம் என்றால் முதலில் தீயைப் பற்றித்தான் பேச்சு போலிருக்கிறது.

பட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்துவிட்டேன். எதற்கு என்று கேட்டார். கால் கட்ட என்றேன்.

குணசுந்தரி

*

தங்கவயல்,
27 ஜனவரி 1903

டீச்சரம்மா அவர்களுக்கு,

பட்டை வந்தது. கட்டிக்கொண்டு நடந்தேன். கிறீச்சொலி பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதிக்குச் சுரங்கத்து இன்ஜின் கிரீஸ் போடுகிறேன்.

உங்கள் விஷயத்தைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "மோசம் பண்ணிட்டாங்களே!" என்றார். சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன். அடுத்தது என்ன தெரியுமா? "ஒரு வூட்டுக்கு ஒரு நொண்டி போதும்டா. வூடு பத்திக்கினா யாரு யாரைத் தூக்கறது?" உங்கள் அத்தையும் என் சித்தப்பாவும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறார்கள்.

பாவம், உபதேசியார் சமாதானம் பேச வந்தார். "ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டு நல்ல கால் கீது, ஒரு ஆளுக்கு சரியா வருது இல்ல?" என்று கணக்குச் சொன்னார். சித்தப்பா அவருக்கு டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

ஆனால் நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். எனக்கு முழுக்கால் உள்ள பெண் கிடைக்கப்போவதில்லை. உங்களுக்கும் அப்படித்தான். நாம் இருவரும் கட்டிக்கொண்டால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. இதைவிடப் பொருத்தம் வேறு எங்கே கிடைக்கும்? இதை எழுதிவிட்டு நானே ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எனக்கு ரொம்பச் சரியாகத்தான் படுகிறது.

இங்கே தொழிலாளர் லைன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. டீச்சர் கிடைக்காமல் மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஒருமுறை வந்து பாருங்கள். அத்தையையும் அழைத்து வாருங்கள். சித்தப்பாவிடம் நேரில் நாலு கேள்வி கேட்கலாம் என்று சொன்னால் கட்டாயம் வருவார்கள்.

ஏனோக்

*

பிளேக் ஷெட்,
16 பிப்ரவரி 1903

ஏனோக் அவர்களுக்கு,

இந்தத் தாளில் கந்தக வாடை அடிக்கும், பயப்படாதீர்கள். இங்கிருந்து போகிற கடிதம் எல்லாவற்றுக்கும் புகை போடுகிறார்கள். சனிக்கிழமை உங்களை வந்து பார்க்க வேண்டிய நான், வழியில் ஒரு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தகர ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பிளேக் இல்லை. ஆனால் அத்தைக்கு ரோஷம் உண்டு.

நீங்கள் சொன்னது சரி. நாலு கேள்வி என்றதும் அத்தை மூட்டை கட்டிவிட்டாள். ஆனால் கோலை நான் கையில் எடுத்ததும் பிடுங்கினாள். "சண்டைக்குப் போறப்போ நம்ம கொறைய நாமளே தூக்கிக்கினு போறதா? தங்கவயல் டேஷன்ல நாலு பேர் பாக்க மாட்டாங்க? எந்தோள புடிச்சிக்கினு வா" என்று கோலைப் பாயில் வைத்துச் சுருட்டி, பாயைக் கயிறு போட்டுக் கட்டி, பாயோடு பாயாக ரயிலில் ஏற்றினாள்.

ஸ்டேஷனில் எல்லாரையும் இறக்கிப் பிளேக் பரிசோதனை. பெண்களுக்குத் தட்டி மறைவில் ஒரு நர்ஸம்மா. கக்கத்தைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "நெறி கட்டியிருக்கு" என்றாள். இருபது வருஷமாகக் கோல் ஊன்றுகிற கக்கம் தடிக்காமல் வேறு எப்படி இருக்கும்? அம்மா, இது கோல் ஊன்றித் தடித்தது என்றேன். கோல் எங்கே என்றாள். நான் அத்தையைப் பார்த்தேன்.

அத்தை யோசித்தாள். அவள் யோசிப்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பக்கம் பிளேக், தகர ஷெட், பத்து நாள். இன்னொரு பக்கம், இவ்வளவு பெண்கள் நடுவில், என் பிள்ளை கோல் ஊன்றுகிறாள் என்று வாயால் சொல்வது. அத்தை பிளேக்கைத் தேர்ந்தெடுத்தாள்.

"கோலா? எங்க பொண்ணு இன்னாத்துக்குக் கோலு ஊனணும்? சிங்கக்குட்டி மாதிரி நடப்பா!"

கோல் பாய்க்குள் இருக்கிறது என்று நான் வாய் திறப்பதற்குள், "அப்போ நெறிதான்" என்று நர்ஸம்மா எழுதிக்கொண்டாள். சிங்கக்குட்டியையும் அவளைத் தொட்டவளையும் உள்ளே அனுப்பிவிட்டார்கள். பாய் மூட்டையை நீராவி போடக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் அத்தை தானாகவே கம்பவுண்டரிடம் போய், கோல் இருக்கிறது, பாய்க்குள் இருக்கிறது என்று சொன்னாள். நேற்று இல்லை என்றாயே என்றார். நேற்று வெட்கம் என்றாள். ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது, பத்து நாள் கழித்து வெட்கப்படலாம் என்றார் அவர். அதிலிருந்து அத்தை என்னோடு பேசவில்லை. தப்பு அவளுடையது என்பதால் கோபம் அவளுக்கு.

எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே பதினோரு பெண்கள் இருக்கிறோம். தகரச் சுவரில் கரியால் எழுதிப் பாடம் நடத்துகிறேன். பங்காருபேட்டையில் தயிர் விற்கிற வெங்கடம்மா இரண்டே நாளில் ஐந்து எழுத்து கற்றுக்கொண்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தால் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். ஆகவே நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். பத்து நாள் முடிந்ததும் வருகிறேன்.

குணசுந்தரி

*

தங்கவயல்,
18 பிப்ரவரி 1903

டீச்சரம்மா அவர்களுக்கு,

எதுவும் செய்ய வேண்டாம் என்றால் நான் கேட்கிற ஆளா?

பிளேக் டாக்டருக்கு இரண்டு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெட்டிஷன் எழுதி இன்றே அனுப்பிவிட்டேன். கல்லும் கரையும், அப்படி எழுதியிருக்கிறேன். இந்த வித்தையில் நான் கைதேர்ந்தவன். இந்த வில்லை கொடுக்கிற வேலையே அப்படி ஒரு பெட்டிஷன் எழுதி வாங்கியதுதான். இரண்டு நாளில் உங்களை விட்டுவிடுவார்கள், பாருங்கள்.

சனிக்கிழமை ஸ்டேஷனில் நிற்பேன். சித்தப்பாவும் வருகிறார். உங்கள் அத்தையிடம் கேட்க ஏழு கேள்வி தயாராக வைத்திருக்கிறார். நமக்கு நாமே துணை, டீச்சரம்மா. மற்றவர்கள் கிடக்கிறார்கள்.

ஏனோக்

*

குடியாத்தம்,
24 பிப்ரவரி 1903

ஏனோக் அவர்களுக்கு,

சனிக்கிழமை ஸ்டேஷனில் காத்திருந்திருப்பீர்கள். நாங்கள் வெள்ளிக்கிழமையே வெளியே வந்து, திரும்பிப் போகிற ரயிலில் ஏறிவிட்டோம். அத்தை சொல்லி இல்லை. நான் சொல்லி.

வெள்ளிக்கிழமை காலை நான் சுவரில் 'ஒ' எழுதிக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் உங்கள் பெட்டிஷனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று எல்லார் முன்னாலும் படித்தார். "இந்த ஏழை நொண்டிப் பெண். பூமிக்குப் பாரமானவள். புழுவைப்போல் ஊர்ந்து காலம் தள்ளுகிறவள். திக்கற்றவள். தங்கள் பாதமே கதி." புழு என்கிற சொல் மூன்று தடவை வந்தது. நான் எண்ணினேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். காலையில் 'ஐ' எழுதி என்னிடம் தலையில் குட்டு வாங்கிய வெங்கடம்மா, தனக்குக் கொடுத்த வாழைப்பழத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "பாவம், துன்னு தாயி" என்றாள். அதற்குப் பிறகு யாரும் பாடம் ஒப்பிக்கவில்லை. ஆறு நாளாக நான் அங்கே டீச்சர். உங்கள் இரண்டு பக்கத்தில் பிச்சைக்காரி ஆகிவிட்டேன்.

தெருவில் எனக்குப் பெயர் வைப்பவர்கள் உண்டு. அவர்கள் என் கடிதத்தைப் படித்தவர்கள் இல்லை. நீங்கள் படித்தீர்கள். அப்படியும் இப்படி எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

குணசுந்தரி

*

தங்கவயல்,
1 மார்ச் 1903

டீச்சரம்மா அவர்களுக்கு,

சனிக்கிழமை மூன்று ரயில் பார்த்தேன். சித்தப்பா தயாரித்து வைத்திருந்த ஏழு கேள்வியையும் வீடு வரும் வரைக்கும் என்னிடமே கேட்டார்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் பக்கத்தையும் பாருங்கள். ஒரு டீச்சர் கோல் ஊன்றி நடப்பதால் கக்கம் தடித்திருக்கிறது என்று எழுதினால் எந்த டாக்டர் படிப்பார்? இரக்கம் வருகிற மாதிரி எழுதினால்தான் கதவு திறக்கும். எனக்கு எழுதிக்கொண்டபோதும் புழு என்றுதான் எழுதினேன். இன்னும் சொல்லப்போனால் எனக்கு நாலு புழு. வேலை கிடைத்ததா இல்லையா? உங்களையும் விட்டார்களா இல்லையா? வார்த்தைதானே, போகட்டும் விடுங்கள்.

நம்மைப் போன்றவர்கள் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டால் நமக்கு வேறு யார் வரப்போகிறார்கள்? நன்றாக யோசியுங்கள்.

ஏனோக்

*

குடியாத்தம்,
7 மார்ச் 1903

ஏனோக் அவர்களுக்கு,

யோசித்தேன். உங்கள் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். என்னைக் கட்டிக்கொள்ள நீங்கள் சொல்லியிருக்கிற காரணம் ஒன்றே ஒன்றுதான். எனக்கும் கால் சரியில்லை. அவ்வளவுதான். "நமக்கு நாமே துணை", "நம்மைப் போன்றவர்கள்", "வேறு யார் வரப்போகிறார்கள்". இதே காரணத்துக்கு, கோல் ஊன்றுகிற யாரைக் கட்டிக்கொண்டாலும் உங்களுக்குச் சரிதானே. அதற்கு நான் எதற்கு?

இனி எழுதுவதாக இருந்தால், கால் வராத ஒரு காரணம் எழுதுங்கள். ஒன்று போதும். அது இல்லையென்றால் எழுத வேண்டாம். நானும் எழுதமாட்டேன்.

குணசுந்தரி

*

தங்கவயல்,
21 மார்ச் 1903

டீச்சரம்மா அவர்களுக்கு,

பதில் வர இவ்வளவு நாளானதற்கு மன்னியுங்கள். ஐந்து தாள் கிழித்தேன். காரணம் எழுத உட்கார்ந்தால், எங்கிருந்தோ ஒரு கால் உள்ளே வந்துவிடுகிறது.

முதலில் என் வாயைக் கவனிக்கலாம் என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்தேன். காலையில் ஆடுகிற ஸ்டூலை நொண்டி ஸ்டூல் என்றேன். லேட்டாக வந்த பெருமாள் சொன்னதை நொண்டிச் சாக்கு என்றேன். கூப்பிட்டால் திரும்பாத வாட்ச்மேனைச் செவிடு என்றேன், அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். நின்றுபோன பம்ப் முடம். சாயங்காலத்துக்குள் எட்டுத் தடவை. என்னை யாராவது அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், நான் மட்டும் ஊரையே சொல்லிக்கொண்டு திரிகிறேன். வெட்கமாக இருந்தது.

அடுத்தது, அந்த டாக்டருக்கு இன்னொரு பெட்டிஷன் எழுதினேன். அதன் தமிழ் இது: "சென்ற மாதம் 18ஆம் தேதி நான் எழுதியதில், நொண்டிப் பெண் என்று வரும் இடத்தில் குடியாத்தம் பள்ளி ஆசிரியை குணசுந்தரி என்று திருத்தி வாசிக்கவும். பாரம் என்பதை அடித்துவிடவும். புழு என்பதை மூன்று இடத்திலும் அடித்துவிடவும். அவர் ஊர்வதில்லை, நடக்கிறார்." அதோடு, திருத்தியதைக் கம்பவுண்டர் ஷெட்டில் மறுபடி உரக்கப் படிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன்.

டாக்டர் பதில் போட்டார். மூன்றே வரி. ஷெட் காலியாகிவிட்டது, படித்துக்காட்ட ஆள் இல்லை. அந்தப் பெண்ணை விடச் சொல்லி வியாழன் சாயங்காலமே கையெழுத்துப் போட்டாயிற்று, நீராவிக்காரன் பாய்க்குள் இருந்த கோலைக் கொண்டுவந்து காட்டினான். உங்கள் பெட்டிஷன் மறுநாள் தபாலில்தான் வந்தது, இனி தயவுசெய்து எழுத வேண்டாம் என்று எனக்குச் சொல்லி முடித்திருந்தார்.

கேட்டீர்களா டீச்சரம்மா? கல்லைக் கரைக்க நான் எழுதிய இரண்டு பக்கமும் தண்டம். உங்கள் கோல் வெளியே வந்ததும் நீங்களும் வெளியே வந்துவிட்டீர்கள். நான் நடுவில் புகுந்து உங்களை அவமானப்படுத்தியது மட்டும்தான் மிச்சம். நான் செய்தது தப்பு. அதற்கு எந்தச் சாக்கும் சொல்லப்போவதில்லை. என் சொந்தப் பெட்டிஷனையும் சுரங்கத்து மேலதிகாரி கேப்டன் துரை படித்தாரா இல்லையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

இனி காரணம்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு குரங்கு கேப்டன் துரையின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு, ஷாஃப்டுக்கு மேலே நிற்கிற இரும்புக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது. அங்கே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, இறங்குகிற ஷிப்டை மேற்பார்வை பார்த்தது. துரை கீழே நின்று இங்கிலீஷில் அதற்கு உத்தரவு போட்டார். அறுபது பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இதை டீச்சரம்மாவுக்கு எழுதினால் எப்படிச் சிரிப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம், எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே என்று ஞாபகம் வந்தது. வில்லைப் பெட்டிக்குப் பின்னால் திரும்பி நின்று அழுதேன். குரங்கைப் பார்த்து அழுத ஒரே ஆள் தங்கவயலில் நான்தான்.

முன்பெல்லாம் எனக்கு நடந்தது நடந்ததோடு போய்விடும். இப்போது உங்களிடம் சொன்னால்தான் அது நடந்த மாதிரி இருக்கிறது. ஊரே என்னைப் பற்றி முடிவு கட்டியபோது, ஏன் என்று கேட்டு எழுதியது நீங்கள் ஒருவர்தான். எனக்கு நீங்கள்தான் வேண்டும். வேறு யாரும் சரிப்படமாட்டார்கள்.

இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன், காரணத்தில் கால் வரவில்லை. குரங்குக்கு உண்டு, ஆனால் அதைக் குறிப்பிடவில்லை.

ஏனோக்

*

குடியாத்தம்,
26 மார்ச் 1903

ஏனோக் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் வைத்துப் படித்தேன். குரங்கு வந்த இடத்தில் சிரித்து, அதே வரியில் அழுததால், பிள்ளைகள் பயந்துபோய் அத்தையைக் கூப்பிட ஓடிவிட்டார்கள். அத்தை வந்தாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன். "குரங்குக்கு அழுதானா? இளகின மனசுக்காரன்தான்" என்றாள். சற்றுப் பொறுத்து, "வூட்டுல ரெண்டு குடம் தண்ணி எப்பவும் ரொப்பி வெச்சிக்கினா, பத்திக்கினாலும் அணைச்சிக்கலாம்" என்றாள். இது அத்தையின் சம்மதம். அவளிடமிருந்து இதைவிட நல்லதாக வராது.

என் பக்கத்துக் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். உங்கள் தபால் வராத இரண்டு வாரமும், நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நான் கண்டித்ததை இவ்வளவு முழுசாகக் காதில் வாங்கியவர் இதுவரைக்கும் யாரும் இல்லை, என் மாணவிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொண்டு போனால் திரும்பி வர இடம் இருக்கிறது என்று உங்களிடம்தான் தோன்றுகிறது. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம். லைன் பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.

நேற்று உபதேசியார் வந்திருந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை எழுத வேண்டுமாம். பேனாவை மையில் தொட்டுவிட்டுத் தயங்கினார். "சபையார் பின்னால ஒண்ணும் சொல்லக்கூடாது பாரும்மா. ரெண்டு பேரு கால் விஷயத்தையும் லேசா ஒரு வார்த்தை சேர்த்துடட்டுமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அத்தை அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு ஐயரே? பேரு போதும்."

அவர் எழுதி முடித்து, சரியாக இருக்கிறதா என்று வாசித்துக் காட்டினார். தங்கவயல் சபையைச் சேர்ந்த ஏனோக்குக்கும், குடியாத்தம் சபையைச் சேர்ந்த குணசுந்தரிக்கும். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்று கேட்டாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

குணசுந்தரி